பாண்டிசெல்வியின் அண்டாவில் ஏற்றமும் வற்றமும்

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலை ஏழேகாலுக்கு, ராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசி ரோட்டில் இருக்கும் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், பாண்டிசெல்வியின் எவர்சில்வர் அண்டாவுக்குள் கடல் வந்தது. முழுக் கடலும் வரவில்லை. முத்தலைக்குடா என்கிற சிறிய விரிகுடா மட்டும் வந்தது. அங்கிருந்து கம்பெனிக்கு நூற்றுப் பதினெட்டுக் கிலோமீட்டர். முந்தின சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் குழாயைத் திறக்கப் போவதற்குள், அடியிலிருந்து தண்ணீர் ஊறி, விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு எண்ணெய், அதில் ஒட்டிக்கொண்ட கோழிச் சிறகு போல ஏதோ ஒன்று. பிறகு பார்த்தால் அது கடல்புறா இறகு. பகல் ஒன்றரைக்கு எல்லாம் வற்றிப்போனது. அன்றைக்கு வெயில் குறைவு, சேத்தூர் பஸ் பத்து நிமிடம் தாமதம்.

பாண்டிசெல்விக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து வந்து, பத்தொன்பது வருஷமாக அந்தக் கம்பெனியில் ஒரே வேலையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஞ்சு ரத்தத்தையும் சீழையும் சட்டென்று குடிக்க வேண்டும். குடிக்குமா என்று பார்ப்பதற்கு ஒரு கைப்பிடிப் பஞ்சை அண்டாத் தண்ணீரில் போட்டு, மூழ்கும்வரை எண்ண வேண்டும். பத்து விநாடிக்குள் மூழ்கினால் நல்ல பஞ்சு. மிதந்தால் கழிவு, திரும்பவும் காஸ்டிக் சோடாவில் அவிக்க வேண்டியதுதான். அவள் எண்ணி அனுப்பிய பஞ்சு ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. மோர்க்குழம்பில் வடை மிதந்தால்கூட இவளுக்குப் பொறுக்காது என்று அவள் புருஷன் இருளப்பசாமி கேலி பேசுவார். அவர் பால்கோவா கிண்டுகிறவர்; எதையும் அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் சுபாவம்.

கடல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு கம்பெனி முதலாளி ஜெயபாண்டி ஒரு புது ஆர்டர் பிடித்து வந்தார். முத்தலைக்குடாவில் ஒரு தனியார் துறைமுகம். கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தால் தண்ணீரில் வேலி மாதிரி போட்டு மறிக்கவும் உறிஞ்சவும், பஞ்சு அடைத்த நீளமான துணிக் குழாய்கள் நானூறு வேண்டுமாம். அதற்கு பூம் என்று பெயர். தைக்கிற பெண்கள் அதை மலைப்பாம்பு என்றார்கள். ஜெயபாண்டி ஒரு நூற்பாலையிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டைகளை இறக்கினார். மஞ்சளடித்த பஞ்சு, இலைத் தூளும் கொட்டைத் தோலும் அப்பியிருந்தது, தொட்டால் விரலில் ஒரு பிசுக்கு. பாண்டிசெல்விக்கு அதைப் பார்த்ததுமே முகம் சுளித்துவிட்டது.

"மொதலாளி, இதையா அடைக்கப் போறீய? குப்பைத் தொட்டியில கெடந்த மாதிரி இருக்கு. நம்ம கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்?" என்றாள்.

ஜெயபாண்டி சும்மா இருந்திருப்பார். அவர் சோம்பேறி, சோம்பேறித்தனம் அந்த ஒரு தடவை ஒரு விரிகுடாவைக் காப்பாற்றியிருக்கும். இவள்தான் விடாமல் சொல்லிச் சொல்லி, அத்தனை மூட்டையையும் அவிக்க வைத்து, வெளுக்க வைத்து, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக்கினாள். அண்டாவில் போட்டுப் பார்த்தால் நாலே விநாடி. ஒவ்வொரு பூமிலும் ஒரு சீட்டுக் கட்டி, மூழ்கும் நேரம் நான்கு விநாடி, தரம் மிக நன்று, பா.செ. என்று தன் கையால் எழுதினாள். பஞ்சுக்குப் பிறவியிலேயே ஒரு மெழுகு உண்டு. அது இருக்கிறவரை பஞ்சு தண்ணீரை ஒட்டவிடாது. மிதந்துகொண்டே எண்ணெயை மட்டும் குடிக்கும். அவித்து வெளுத்தால் மெழுகு போய்விடும். அந்த மெழுகை எடுப்பதுதான் அந்தப் பக்கத்தில் நிறையப் பேருக்குப் பிழைப்பு. அது எதற்காவது உதவுமா என்று யாரும் யோசித்ததில்லை.

துறைமுகத்துக்காரர்களும் யோசிக்கவில்லை, அவர்களுக்கு யோசிக்கச் சம்பளம் இருந்தும். வருஷம் ஒரு தடவை விபத்து ஒத்திகை நடத்தினார்கள். தார்ப்பாய் விரித்து, அதன் மேல் நாலு பூமை நீட்டி வைத்து, பெரிய பேனர் கட்டி, மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். பூம் நனைந்துவிடும் என்று தண்ணீரில் இறக்கவில்லை. அப்புறம் கேசரியும் வடையும் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையை அந்தப் பூமின் வெள்ளைத் துணியிலேயே துடைத்துக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் அந்தப் பூம்கள் உறிஞ்சிய எண்ணெய் அந்த வடை எண்ணெய்தான்.

கார்த்திகை மாத மழையில் ஒரு கப்பலுக்கு எண்ணெய் ஏற்றுகிற குழாய் உடைந்தது. படகில் போய் நானூறு மலைப்பாம்புகளையும் வரிசையாக இறக்கினார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நானூறும் வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. எண்ணெய் அவற்றின் மேலாகச் சாவகாசமாகக் கரைக்குப் போனது. சிப்பி, நண்டு, வலை, படகு, மணல், கரையில் காயப்போட்ட கருவாடு என்று ஒன்று பாக்கியில்லாமல் அப்பியது. துறைமுகத்துக்காரர்கள் கறுத்த மணலுக்கு மேல் நாலு லாரி வெள்ளை மணலைக் கொட்டி நிரவிவிட்டு, கரை சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். காலை வைத்தால் கறுப்பு பிதுங்கி வந்தது.

மார்கழி பதினொன்றாம் தேதி பிச்சையம்மாள் ராஜபாளையத்துக்கு வந்தாள். ஐம்பத்தைந்து வயது, முத்தலைக்குடாவில் சிப்பியும் நண்டும் பொறுக்கி விற்கிறவள். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பாட்டில் நிறையக் கறுப்பு எண்ணெய். யாரோ அவளுக்குக் கம்பெனி பெயரைச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்று பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இதைக் குடிக்கும்னு சொல்லி ஒரு பஞ்சு குடுத்தியளாமே, அதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டாள். ஜெயபாண்டி அலை ஜாஸ்தி, காத்து ஜாஸ்தி, எங்க சரக்கு நம்பர் ஒன் என்றார். அவள் அவரை விட்டுவிட்டுப் பாண்டிசெல்வியைப் பார்த்தாள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றதாலோ என்னவோ.

"நீ சொல்லு தாயி. ஒங்க பஞ்சு மெதக்குமா, முங்குமா?"

பாண்டிசெல்விக்குப் பதில் தெரியும். பத்தொன்பது வருஷம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினாள். பிச்சையம்மாள் பாட்டிலைத் திறந்து, அந்த எண்ணெயை வாசற்படியில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில்தான் அண்டாவில் கடல் வந்தது.

அன்றிலிருந்து கடற்கரையில் போலவே தினமும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி. ஜெயபாண்டி அண்டாவைத் தூக்கி வெளியே போட்டார். கடல் பிளாஸ்டிக் வாளியில் வந்தது. வாளியைக் கவிழ்த்தார், விளிம்பைச் சுற்றிக் கசிந்து தரையில் பரவியது. அண்டாவைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சோப்புத் தூள் ஐந்து கிலோ வாங்கிக் கொட்டிக் கலக்கினார். எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து அடியில் இறங்கிவிட்டது. மேலே பார்க்கத் தண்ணீர் தெளிவு. அவர் சந்தோஷப்பட்டு அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர் வற்றியபோது அடியில் சளி மாதிரி ஒரு கறுப்புக் கூழ் இருந்தது, அதில் விரல் நீளத்துக்கு நாலு மீன் குஞ்சுகள் கண் வெளுத்துக் கிடந்தன. ஒரு சர்க்கார் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இது கடல் இல்லாத மாவட்டம், ஆகவே கடல் எண்ணெய் பற்றி எழுதப் படிவம் இல்லை என்றார்கள். கடல் இருக்கிற மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, அண்டா எங்கள் எல்லைக்குள் இல்லை என்று பதில் வந்தது. இரண்டும் சரிதான்.

பாண்டிசெல்விக்கு எண்ணெய் கையில் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டாள், சாம்பல் போட்டாள். நகக்கண்ணுக்குள் கறுப்பு உட்கார்ந்துகொண்டது. பழைய தாரும் அழுகிய நண்டும் கலந்த வாடை. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வந்தது, தலைசீவினால் தலையில் வந்தது. அவள் பக்கத்தில் படுத்ததால் இருளப்பசாமியின் பால்கோவாவில் டீசல் வாடை அடிப்பதாகக் கடையில் சொல்லி, அவரைக் கொஞ்ச நாள் விறகு சுமக்க விட்டார்கள். அவர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஏற்றம் நாளுக்கு நாள் பெரிதானது. தை பிறந்ததும் அண்டா நிரம்பி வழிய ஆரம்பித்தது. வழிந்தது கம்பெனிச் சாக்கடையில் இறங்கி, பின்பக்க ஓடையில் தேங்கியது. அந்த ஓடை போய்ச் சேர்வது செங்கமடைக் கண்மாயில். அந்தத் தண்ணீரில்தான் தேவதானம் பக்கத்து வயல்கள் விளைகின்றன. பாண்டிசெல்வியின் அக்கா சுடலைமாடத்திக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நெல், கதிர் வாங்குகிற பருவத்தில் நின்றது. புருஷன் இல்லாதவள், அந்த ஒன்றரை ஏக்கர்தான் அவளுக்கு எல்லாம். தைப்பூசத்துப் பௌர்ணமிக்கு ஏற்றம் உச்சத்துக்கு வரும், எண்ணெய் அன்றைக்குக் கண்மாய்க்குள் போய்விடும் என்பது பாண்டிசெல்விக்குத் தெரிந்துபோனது. அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் முதல் நாள் பூம்கள் திரும்ப வந்தன. காலை ஏற்றத்தில் அண்டாவின் நடுவில் ஒரு துணி நுனி எட்டிப் பார்த்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். சாக்கடைத் துளையில் அடைத்த முடியை இழுப்பது போல, வரவர வந்துகொண்டே இருந்தது. பதினைந்தடி நீளம், பாசி, சேறு, உள்ளே பஞ்செல்லாம் அழுகிப்போன இட்லி மாவு. நுனியில் சீட்டு அப்படியே இருந்தது, மை கூடக் கலையவில்லை: நான்கு விநாடி, மிக நன்று, பா.செ. ஐந்தாவது பூமை இழுத்துப் போட்டபோது பாண்டிசெல்விக்குக் கையைத் துடைக்கத் துணி கிடைக்கவில்லை. மூலையில் அவிக்காமல் கிடந்த கழிவுப் பஞ்சில் ஒரு கைப்பிடியைப் பிய்த்துத் துடைத்து, வெறுப்பில் அதை அண்டாவிலேயே எறிந்தாள். பழக்க தோஷத்தில் எண்ணினாள். பத்து வந்தது, மிதந்தது. நூறு வந்தது, மிதந்தது. இருநூறு எண்ணுவதற்குள் சுற்றியிருந்த எண்ணெயை எல்லாம் இழுத்துக்கொண்டு, தான் கறுத்து, அந்த இடத்தில் பச்சைக் கடல் தண்ணீரைக் காட்டியது.

அவள் நேராக ஜெயபாண்டியிடம் போய், தப்பு நம்முடையது, அழுக்குப் பஞ்சைத்தான் அனுப்பியிருக்க வேண்டும், முத்தலைக்குடாவுக்கு எழுதிச் சொல்லுங்கள் என்றாள்.

"ஏம்மா செல்வி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் அவர். "சொன்னா கம்பெனிய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். அறுபது பொம்பளையளுக்குச் சோறு இது. சீட்டுல யாரு கையெழுத்து இருக்கு? ஒன் கையெழுத்து."

"அதான் சொல்லுதேன், மொதலாளி. என் கையெழுத்துதான்."

அவர் எண்ணெய் பட்டுவிடாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். பௌர்ணமி கழியும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

பாண்டிசெல்வி கழிவு மூட்டைகளை உடைத்தாள். பேண்டேஜ் துணியையே குழாயாகத் தைத்தாள். முதல் நாள் தனியாகத் தைத்தாள். மறுநாள் பழைய பூம்களை இழுத்த கைகளே நாலைந்து உதவிக்கு வந்தன. நாலாம் நாள் அறுபது பேரும் பேண்டேஜை ஓரம் கட்டிவிட்டு மலைப்பாம்பு தைத்தார்கள். சாக்கடை வாயில் ஒன்று, ஓடைத் திருப்பத்தில் இரண்டு, கண்மாய்க்குப் போகிற கழுத்தில் மூன்று அடுக்கு என்று குறுக்கே கட்டினார்கள். பௌர்ணமி அன்று பகல் பதினொரு மணிக்கு ஏற்றம் தொடங்கியது. அண்டாவிலிருந்து கடல் எழும்பி, சோதனை அறையை நிறைத்து, முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக வாசல் வழியே நடந்து போனது. பெண்கள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் நின்றார்கள். ஒரு பூம் கறுத்துக் கனத்ததும் இழுத்துப் பீப்பாயில் போட்டுவிட்டு அடுத்ததைப் போட்டார்கள். எண்ணெய் குடித்த மலைப்பாம்பு ஒன்று ஒரு நிஜத் தண்ணீர்ப் பாம்பையும் இழுத்துக்கொண்டு வந்தது. தவளைகள் வாய் பிளந்து வந்தன. ஒருத்தியின் மூக்குத்தி விழுந்தது, யாரும் குனியவில்லை. மூன்று மணிக்கு ஏற்றம் நின்றது. கண்மாய்க் கழுத்தில் கடைசி அடுக்குக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஓரத்தில் மட்டும், ஒரு கட்டு நெகிழ்ந்த இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு வானவில் நழுவிப் போனது. அந்தக் கட்டைப் போட்டது பாண்டிசெல்விதான்.

அந்த விரலகல எண்ணெய் வேறு எங்கும் போகவில்லை. கண்மாயைக் கடந்து, மடையைக் கடந்து, சுடலைமாடத்தியின் வயலில் தெற்கு மூலையில் எட்டு சென்ட்டில் போய் நின்றது. மற்ற வயலெல்லாம் நன்றாக விளைந்தது. அந்த மூலையிலும் நெல் விளைந்தது, கறுப்பாக. அறுப்பு முடிந்த வாரம் அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். பாண்டிசெல்வி போனாள். அக்கா இலை போட்டு, அந்த எட்டு சென்ட் அரிசியைத் தனியாகக் குத்திப் பொங்கிய சோற்றை வைத்தாள். ஆவியோடு துறைமுக வாடை எழும்பியது.

"தின்னுட்டி. ஒன் கை வேலைதான இது" என்றாள்.

பாண்டிசெல்வி பிசைந்து தின்றாள். பருக்கை ஒவ்வொன்றும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி இலையில் அக்கா எழுந்து, "போதும், ஏந்திரி" என்று இலையை இழுத்தாள். இவள் இலையைப் பிடித்துக்கொண்டு மீதியையும் தின்று முடித்தாள்.

மறுநாள் அவள் மூன்று பஸ் மாறி முத்தலைக்குடாவுக்குப் போனாள். பிச்சையம்மாள் கரையில் உட்கார்ந்து, ஒரு வலையிலிருந்து தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாண்டிசெல்வி தன் எழுத்து இருந்த சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"முங்கும்மா. எங்க பஞ்சு முங்கும். அழுக்குன்னு நாந்தான் வெளுக்கச் சொன்னேன். அன்னைக்கே தெரியும். சொல்லலை."

பிச்சையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. சீட்டை முகர்ந்து பார்த்தாள், அதில் தன் கடல் வாடை அடிப்பதைக் கண்டு இவளை ஏறிட்டாள். அண்டா விஷயத்தை இவள் சொல்லச் சொல்ல, நம்பாத மாதிரி ஒரு தடவைகூடப் புருவம் தூக்கவில்லை. "இங்க எண்ணெய் கொறைஞ்சிக்கிட்டு வருதே, எங்க போவுதுன்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று பீப்பாயில் போட்டதெல்லாம் அங்கே கரையிலிருந்து குறைந்ததாக இருந்தது. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பாண்டிசெல்வியும் கேட்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் வந்தார்கள், ஏனென்றால் பிச்சையம்மாளுக்கு அண்டாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஜெயபாண்டி திரும்பி வந்து பார்த்தபோது கம்பெனி மூடப்படவில்லை. பாண்டிசெல்வி தானே எழுதி, கையெழுத்துப் போட்டு, துறைமுகத்துக்கும் மீனவர் சங்கத்துக்கும் கடிதம் அனுப்பியிருந்தாள். துறைமுகம் பதிலே எழுதவில்லை. தாங்கள் வாங்கியதைத் தாங்களே தண்ணீரில் போட்டுப் பார்க்காததை ஒப்புக்கொள்வதை விடப் பேசாமல் இருப்பது அவர்களுக்குச் சௌகரியம். ஆனால் வேறு ஊர்த் துறைமுகங்கள் அழுக்குப் பஞ்சு கேட்டு வந்தன. நிஜக் கடல் தண்ணீரில், நிஜ எண்ணெயில் சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி வேறு எங்கும் இல்லை. ஜெயபாண்டி அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். அதையும் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நானூறு பூம்களில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது அண்டா வழியாக வந்துசேர்ந்தன. கடைசி ஒன்று வரவே இல்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஏற்றமும் வற்றமும் இன்றைக்கும் நேரம் தவறுவதில்லை. சேத்தூர் பஸ் நேரத்துக்குப் பக்கத்தில் அன்றன்றைய ஏற்ற வற்ற நேரமும் சுவரில் எழுதியிருக்கிறது. பெண்கள் அதைப் பார்த்துத்தான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறார்கள். போன ஐப்பசியோடு எண்ணெய் நின்றுவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பிச்சையம்மாள் வந்து, வெளியூரில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்ப்பதுபோல அண்டாவுக்குள் எட்டிப் பார்ப்பாள். இந்த மாதம் வந்தபோது அவள் கையை விட்டுத் துழாவி, உயிருள்ள ஒரு நண்டை எடுத்தாள். அதை ஈரப் பேண்டேஜ் துணியில் சுற்றி, பைக்குள் வைத்தாள். பிறகு பாண்டிசெல்வியின் வலது கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் போவலையா?"

"போவலைம்மா."

பிச்சையம்மாள் தன் கையை நீட்டினாள். பாண்டிசெல்வி குனிந்து முகர்ந்தாள். அதே வாடை.

"எனக்கும் போவலை" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். நாலு பத்துக்கு வற்றம் தொடங்கியது. பாண்டிசெல்வி ஒரு கைப்பிடி அழுக்குப் பஞ்சைப் பிய்த்து அண்டாவில் போட்டு, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.